அவள் எழுதாத பரீட்சை

அந்த ஃபோன் பாராட்டும்போதெல்லாம் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. சாவி, குடை, வாத்து என்று படம் காட்டும். கொஞ்சம் பொறுத்து, எதையெல்லாம் பார்த்தாய் என்று கேட்கும். சரியாகத் தொட்டுவிட்டால் கைக்குழந்தையைக் கொஞ்சுவதுபோல் ‘சபாஷ்’ போடும். அவள் தையல்கூடத்தில் துணி வெட்டுகிறவள். ஒரு சட்டைக்குக் கைநீளத்தை மாற்றி வெட்டிவிட்டாள் என்று மகள்தான் டாக்டரிடம் இழுத்துப்போனாள். மறதி நோய் வருவதை முன்கூட்டியே பிடித்துவிடலாம், தினமும் வீட்டிலேயே செய்யுங்கள் என்று டாக்டரம்மா இந்தப் பரீட்சையை ஃபோனில் ஏற்றிக் கொடுத்தார். ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள். அப்புறம் சீச்சீ என்று விட்டுவிட்டாள்.

ஆனால் மார்க்குகள் டாக்டருக்குப் போய்க்கொண்டே இருந்தன. போனதோடு நிற்காமல் சரியவும் ஆரம்பித்தன. தகவல் வந்ததும் மகள் அவளை அடுப்புப் பக்கமே விடவில்லை. தையல்கூட முதலாளி நல்ல வார்த்தை நாலு சொல்லிக் கத்தரியை வாங்கிக்கொண்டு, டாக்டர் முடிவு சொல்லும்வரை பட்டன் தைக்க உட்காரவைத்தார். நான் அதைத் தொடவே இல்லை என்று அவள் தலைபாடாக அடித்துக்கொண்டாள். செய்ததையே மறந்துவிட்டாளாம்; மகள் கண்கலங்கி முதுகைத் தடவிக் கொடுத்தாள். அதற்குப் பதில் கன்னத்தில் ஓர் அறை விட்டிருக்கலாம்.

அவளுக்குப் புருஷன் மேல்தான் சந்தேகம். கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பாதியில் வைத்த குறுக்கெழுத்தைக்கூட வாயில் கடித்த பேனாவால் நிரப்பிவிட்டுத்தான் மூச்சு விடுவார். நேராகவே கேட்டாள். மனுஷர் கூசாமல் மகள் தலையில் கைவைத்து, தொடவில்லை என்று சத்தியம் செய்தார். அன்றிலிருந்து அவர் சாப்பிடும் சத்தமே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இன்று மூவரும் டாக்டரம்மாவின் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். என் கண் முன்னால் ஒரு தடவை செய்யுங்கள் என்று அவர் ஃபோனை அவளிடம் நீட்டினார். அவள் வாங்குவதற்குள் புருஷன் கை குறுக்கே வந்து பிடுங்கிக்கொண்டது. தடுக்க வாயெடுத்த டாக்டரம்மா, என்னவோ தோன்றி, அவரையே செய்ய விட்டார்.

கடிகாரம், ஏணி, எலுமிச்சை, சீப்பு. மாட்டிக்கொண்டார் என்று அவளுக்கு உள்ளே அப்படியொரு சந்தோஷம். கொஞ்ச நேரம் பேச்சுக் கொடுத்துவிட்டு, இப்போது தொடுங்கள் என்றார் டாக்டரம்மா. புருஷனின் கட்டைவிரல் திரைமேல் சுற்றிச் சுற்றி வந்து, வராத படத்தைத் தொட்டது. இன்னொன்றைத் தொட்டது. அதுவும் வராத படம். பரவாயில்லை என்று ஃபோன் கொஞ்சியது. அவர் அவள் காதருகே குனிந்தார்.

“ரெண்டாவதா என்னடி வந்துச்சு?”

அவளுக்கு நாலும் ஞாபகம் இருந்தது.

“வீட்ல தினமும் இதை யாரு சார் பண்றது?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“நான்தான். வேற யாரு?” அவர் பெருமையாக நிமிர்ந்து உட்கார்ந்தார். “அவளுக்கு இதெல்லாம் வராது மேடம். மார்க் கொறஞ்சா எனக்குத்தானே அசிங்கம்.”

மகளின் கை தானாகத் தன் தலைக்குப் போனது. சத்தியம் செய்ததே அவருக்கு நினைவில் இல்லை என்பது அப்பாவின் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. டாக்டரம்மா நாற்காலியை அவர் பக்கம் திருப்பிக்கொண்டு, இன்று என்ன கிழமை என்று மெதுவாகக் கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே மனைவியைப் பார்த்தார். சற்றுமுன் சந்தோஷப்பட்ட தன்னை நினைக்க அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.