ஆயிலைக் குடித்தது யார்

1.

இந்தக் கதை நானாக யோசித்ததில்லை. பக்கத்துப் பண்ணை நரெல், வேலிக்கு அந்தப்புறம் நின்றுகொண்டு கொடுத்த உத்தரவு.

"என் யூட்டப் பத்தி ஒரு கதை எழுதேன் வாத்தியாரே. ரெக்ஸ மட்டும் அதுல நல்லவனா காட்டிராத."

ரெக்ஸ் அவளுடைய முன்னாள் கணவன். யூட் என்பது இந்த ஊரில் எல்லோரிடமும் இருக்கும் பிக்கப் வண்டி. அவளுடையது கிழம்.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: 'செம்மண் வெளியின்மேல் அந்தி, ஒரு...' அடித்துவிட்டேன். இங்கே மழை பொய்த்ததிலிருந்து மேகம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் யாரும் தலையைத் தூக்குகிறார்கள்.

2.

நடந்ததைச் சொல்கிறேன். நரெலின் பண்ணையில் மழைநீர் தேக்கும் சிறு அணை வற்றிவிட்டது. தினமும் ஊர்க் குழாயில் தண்ணீர் பிடித்து, யூட்டின் முதுகில் தொட்டியோடு ஏற்றி, டிங்கோ மேட்டைக் கடந்து மாடுகளுக்குக் கொண்டுபோவாள். மேட்டில் ஏறும்போது, தகர உண்டியலில் சில்லறையைக் குலுக்கியதுபோல இன்ஜின் தட்டும். பின்னால் நீலப் புகை. தரையில் ஒரு சொட்டு ஒழுகாமலே ஆயில் குறைந்துகொண்டே வந்தது.

(இங்கே ஒரு வாக்கியம் இருந்தது: 'அவர்களுடைய தாம்பத்தியத்தைப் போலவே அந்த வண்டியும், வெளியே ஒன்றும் சிந்தாமல் உள்ளுக்குள்ளேயே எரிந்து...' இதை நரெல் படிப்பாள். வேண்டாம்.)

ஆயிலை மேலே ஏறவிடாமல் தடுக்கும் பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, இன்ஜின் அவ்வளவுதான் என்று மதுக்கடையில் ஒருமனதாகத் தீர்ப்பாகிவிட்டது. இன்ஜின் போனால் தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லையென்றால் மாடுகள் சந்தைக்கு. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் நரெல்.

யாரால் தேய்ந்தது என்பதில்தான் ஊர் இரண்டாகப் பிரிந்தது.

"மேட்டுலயும் டாப் கியர்லயே ஏத்துவா. எந்த இன்ஜின் தாங்கும்?" இது ரெக்ஸ்.

"கல்யாணமான நாள்லேர்ந்து ஒரு தடவையாவது ஒழுங்கா ஆயில் மாத்திருக்கானா, கேளு." இது நரெல்.

(ரெக்ஸ் என்ற பாத்திரத்தின்மீது எனக்குச் சந்தேகம் உண்டு. விவாகரத்தான மனிதன் சனிக்கிழமைதோறும் நரெல் பண்ணைக்கு ஏன் வருகிறான்? கேட்டேன். "என் டூல்ஸெல்லாம் அவ கொட்டகைலதான் கெடக்கு" என்றான். எடுத்துப் போவதுதானே என்று நான் கேட்கவில்லை. கதை எழுதுகிறவன் வாயை எங்கே மூட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும்.)

3.

ஒரு சனிக்கிழமை இருவரும் பானெட்டைத் திறந்தார்கள். என்னைச் சாட்சிக்குக் கூப்பிட்டார்கள்.

ரெக்ஸ் ஒவ்வொரு சிலிண்டராகக் கம்ப்ரஷன் பார்த்தான், உள்ளே அழுத்தம் நிற்கிறதா என்று. பார்க்கப் பார்க்க முகம் விழுந்தது.

"ரிங் நல்லாத்தான் இருக்கு" என்றான், சாவுச் செய்தி சொல்வதுபோல.

நரெல் பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தாள். எண்ணெய்க் கரி. "அப்ப ஆயில் கீழேர்ந்து வரல. மேல, காத்து போற வழியா வருது."

இன்ஜின் மூச்சுவிடும் குழாய்களை அடைத்தாள். வண்டியைக் கிளப்பி, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைக் கழற்றினாள்.

"வாத்தியாரே, உள்ளங்கைய வெச்சு மூடு."

"நான் எதுக்கு?"

"எங்க ரெண்டு பேர்ல யாரு வெச்சாலும் இன்னொருத்தர் நம்ப மாட்டோம்."

வைத்தேன்.

"தள்ளுதா, இழுக்குதா?" என்றான் ரெக்ஸ்.

"கன்னுக்குட்டி வாய்ல கைய விட்டாப்ல இழுக்குது."

விஷயம் இவ்வளவுதான். காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் மேனிஃபோல்டின் அடியில், இணைப்பை அடைத்துவைக்கும் கேஸ்கெட் கிழிந்திருக்கிறது. அந்த இடுக்கு வழியாக இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி எரித்திருக்கிறது. ஆயில் கலந்ததாலும் கரி படிந்ததாலும் பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடித்து, அந்தத் தட்டல். வியாதி ஒன்று, குரல் இரண்டு.

"கேஸ்கெட் வயசாகித் தானாக் கிழிஞ்சிருக்கு" என்றான் ரெக்ஸ்.

வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்த வெடிமருந்து ஒரே நிமிஷத்தில் நனைந்துவிட்டது.

"அப்ப என் கியர் மேல தப்பில்ல."

"என் ஆயில் மேலயும் தப்பில்ல, அம்மணி."

"மன்னிப்புக் கேளு."

"நீ மொதல்ல கேளு."

கேட்கவில்லை. கேஸ்கெட்டை மாற்றினார்கள், கரியைக் கரைத்தார்கள். தொட்டி நிறையத் தண்ணீரோடு மேடேறினோம். நான் நடுவில். இன்ஜினில் ஒரு தட்டல் இல்லை.

"கியர மாத்து" என்றான் ரெக்ஸ்.

"மாட்டேன்" என்று டாப் கியரிலேயே ஏற்றினாள். மேட்டின் உச்சியில் மாடுகள் தெரிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தூசி என்றாள்.

4.

முடிவு ஒன்று: மீண்டும் சேர்ந்தார்கள். நரெலுக்குப் படித்துக் காட்டினேன். "இத அச்சுல போட்ட, மாட்டுத் தொட்டில உன்னய முக்கி எடுப்பேன்" என்றாள்.

முடிவு இரண்டு: ரெக்ஸ் இனி வரவில்லை. ரெக்ஸுக்குப் படித்துக் காட்டினேன். எழுந்து போய்விட்டான்.

ஆகவே போன சனிக்கிழமை நான் கண்டதை மட்டும் வைக்கிறேன். ரெக்ஸ் வந்தான். வண்டிக்கு ஒரு குறையும் இல்லை. செய்ய வேலையில்லாமல், கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றான். நரெல் வெளியே வந்தாள்.

"பின் சக்கரத்துல ஏதோ கீச்சுனு கேக்குது, ரெக்ஸ்."

அன்று காலை அதே வண்டியில்தான் நான் ஊருக்குப் போய் வந்தேன்.

ரெக்ஸ் மண்டியிட்டுக் காதைச் சக்கரத்தோடு வைத்தான். நின்றுகொண்டிருந்த சக்கரம். வெகுநேரம் கேட்டான்.

"ஆமா" என்றான். "கேக்குது. ஒரு நாள்ல முடியற வேல இல்ல."

எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்கு?