அண்ணி தொடாத சொல்

அண்ணியும் நாத்தனாரும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். இருவருக்கும் சீன மொழி தெரியும். பெயர்களை நீக்கிவிட்டு வரும் சீன மருத்துவக் குறிப்புகளில் எது நோய், எது மருந்து, எது உடலுறுப்பு என்று திரையில் நிறம் பூசிக் காட்ட வேண்டும். அவற்றைப் பார்த்துப் பார்த்துக் மூளையைப் போலக் கற்றுக்கொள்ளும் கம்ப்யூட்டரின் நரம்பு வலைப்பின்னல் அவற்றைத் தானாகவே கண்டுபிடிக்கப் பழகும். சீன எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. சொற்களைப் பிரிப்பதில் அண்ணி கில்லாடி. நாத்தனார் தவறினால், "வாலு, நுரையீரலைப் பாதியில வெட்டிட்டியே, பாவம் அந்த ஆளு" என்பாள். வாலு என்பது அண்ணி வைத்த பெயர்தான்.

மழை தொடங்கிய சமயம் அண்ணிக்குக் கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்தது. பரவிவிட்டது என்றார்கள். வேலையை விடச்சொல்லி வாலுவின் அண்ணன் கெஞ்சினான். வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது என்று அவள் சிகிச்சைக்கு நடுவிலும் வந்தாள். அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை.

சில வாரங்கள் கழித்து என்ஜினியர் வாலுவைத் தனியாகக் கூப்பிட்டார். முன்பு சரியாகப் பிடித்த ஒரு நோயை இயந்திரம் இப்போது கோட்டை விடுகிறது என்றார். அண்ணி பார்த்த குறிப்புகளில் கணையப் புற்றுநோய் வரும் இடமெல்லாம் நிறமில்லாமல் கிடந்தது. மற்ற எதிலும் பிழையில்லை.

வாலுவுக்குக் காரணம் புரிந்தது. அண்ணி முடித்ததைச் சரிபார்க்காதது தன் தவறு என்று சொல்லி, திருத்தித் தருவதாக ஏற்றுக்கொண்டாள். அவள் திருத்திக்கொண்டிருந்தபோது அண்ணி பின்னால் வந்து நின்றாள்.

"கண்ணுல படலன்னு நெனைக்காத. பாத்தேன். கை போகல."

"நான் போட்டுக்கறேன் அண்ணி. நீங்க விடுங்க."

அண்ணி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "இதுல ஒருத்தருக்கு சாப்பாடே எறங்கலயாம். அப்புறம் என்ன ஆச்சுன்னு தேடித் தேடிப் பாத்தேன். குறிப்பு பாதியிலயே நின்னுடுச்சு."

அதன்பிறகு அந்த நோய் வந்தால் அண்ணி அந்தக் குறிப்பை வாலுவின் திரைக்கு அனுப்பிவிடுவாள். வாலு அதற்கு நிறம் பூசிவிடுவாள். ஒரு நாள் அண்ணியால் மாடிப்படி ஏற முடியவில்லை. பிறகு வரவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் போய்விட்டாள்.

இயந்திரம் தேறிவிட்டது என்று என்ஜினியர் பாராட்டினார். அன்று மாலை வாலு அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் அண்ணியின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான்.

"ஆபீஸ்ல சிரிச்சிட்டு இருந்தாளா?" என்று கேட்டான்.

"சிரிச்சாங்கண்ணா. என்னை நல்லாத் திட்டவும் செஞ்சாங்க."

அவன் ஒரு புடவையை மடியில் வைத்துக்கொண்டு, சாவு வீட்டில் அழாத அழுகையை அப்போது அழுதான். வாலு மிச்சத் துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.