இரண்டு கை யூரியா

கேபிள் டிவி வேண்டும், வேண்டாம் என்று தொடங்கிய சண்டை முற்றி, வெள்ளியங்கிரியும் சாமியாத்தாளும் ஒரு வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை. தொண்டாமுத்தூர்த் தோட்டத்தில் புருஷன் பெண்டாட்டி இருவருமே எருமைக்கன்றிடம்தான் பேசினார்கள்.

“கன்னுக்குட்டி, சோறு ஆறுதுன்னு சொல்லு” என்பாள்.

“பசிச்சா வாரேன்னு சொல்லு கண்ணு” என்பான்.

அன்று விடிந்ததும் தோட்டத்துக்குள் இறங்கிய வெள்ளியங்கிரி வரப்பிலேயே நின்றுவிட்டான். தக்காளிச் செடிகள் அத்தனையும் தலை தொங்கிக் கிடந்தன. அந்த வருஷத்து வெள்ளாமையே அதுதான். மண்ணைத் தொட்டான், ஈரமாகத்தான் இருந்தது. பிறகு ஏன் வாடுகிறது? குனிந்து பார்த்தான். தூரைச் சுற்றி யூரியாவின் வெள்ளைக் குருணைகள், முந்தின நாள் அவன் போட்டதைவிட அதிகமாக.

சாமியாத்தாள் கன்றைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

“கன்னுக்குட்டி, இங்க யூரியா போட்டது யாருன்னு கேளு” என்றான்.

“நேத்துப் பொழுதெறங்க நான்தான் போட்டேன்னு சொல்லு. அவிய சொல்லட்டும்னு காத்திருந்தா ஆகுமா?”

“நேத்துக் காத்தாலயே நானும் போட்டுட்டேன்னு சொல்லு” என்றான்.

கன்று வாலை ஆட்டியது. சாமியாத்தாள் ஒரு செடியைப் பிடுங்கி, துவண்ட வேரை விரலில் சுற்றிப் பார்த்தாள்.

“உப்புல போட்ட மாங்காயாட்டம் ஆயிப்போச்சுங்க” என்றாள். இம்முறை கன்றிடம் அல்ல.

அவனுக்குச் சட்டென்று விளங்கியது. நறுக்கிய மாங்காயில் உப்பைக் குலுக்கி வைத்தால், ஒரு சொட்டு ஊற்றாமலே மறுநாள் ஜாடியில் தண்ணீர் நிற்கும்; துண்டுகள் சுருங்கிக் கிடக்கும். உரம் மிஞ்சிய மண்ணும் அப்படித்தான் வேருக்குள் இருக்கும் தண்ணீரை வெளியே இழுத்துக்கொண்டிருந்தது.

“நல்ல தண்ணிய உட்டு அலசுனா?”

“அலசோணும்ங்க. கீழ்வரப்ப வெட்டி உடுங்க, தண்ணி தேங்கக் கூடாது. நான் மோட்டாரப் போடறேன்.”

“உரம் பூரா போயிருமே.”

“செடி போறதுக்கு உரம் போகட்டும்.”

கரண்ட் இருந்தவரை பாய்ச்சினார்கள். கிணற்றுத் தண்ணீர் பாத்தி பாத்தியாக ஏறி, உரத்தைக் கரைத்துக்கொண்டு பள்ளத்தில் இறங்கியது. சாயங்காலம்வரை ஓர் இலைகூட நிமிரவில்லை. இருவரும் வரப்பில் அருகருகே உட்கார்ந்திருந்தார்கள். கன்று கட்டுத்தறியில் இருந்தது.

மறுநாள் காலையில் வெள்ளியங்கிரி தனியாக வந்து பார்த்தான். சில செடிகள் கருகிவிட்டிருந்தன. மற்றவை தண்டு விறைத்து, இலையை விரித்துக்கொண்டு நின்றன. ஓர் இலையைத் தொட்டுப் பார்த்தான். மொடமொடவென்று இருந்தது.

வீட்டைப் பார்த்துக் கத்தினான்.

“அம்மணி, ஓடியா இங்க! கன்னுக்குட்டி வேண்டாம், நீ மட்டும் வா!”