ஆள்மாறாட்டம் செய்த மரவட்டைகள்

சாப்பாட்டு மேசையில் மரவட்டை வளர்ப்பவளைக் கட்டிக்கொண்டால் வேறு இடத்தில் சாப்பிடப் பழகிக்கொள்ள வேண்டியதுதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் நாலு மாதத்துக்கு முன்பே தட்டைத் தூக்கிக்கொண்டு டிவிக்கு எதிரே குடியேறிவிட்டார். அவர் மனைவி ஆராய்ச்சி மாணவி. மரவட்டைக்கு ஈரம் பிடிக்குமா, காய்ந்த இடம் பிடிக்குமா, இருட்டா, வெளிச்சமா என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி.

“இதுக்குப் போய் வருஷக்கணக்கா படிக்கணுமா? அதுங்களையே கேட்டுட்டா போச்சு” என்றார் ஒருநாள்.

“அதைத்தாங்க கேட்டுக்கிட்டிருக்கேன்” என்றாள் அவள்.

கேட்கிற விதம் இப்படி: அகலமான பிளாஸ்டிக் தட்டில் நான்கு கட்டங்கள். இரண்டில் ஈரத்துணி, இரண்டில் காய்ந்த மணல். ஈரத்தில் ஒன்றுக்கும் மணலில் ஒன்றுக்கும் கறுப்பு அட்டை மூடி. நடுவில் மரவட்டைகளை விட்டு, மணிக்கொருமுறை யார் எங்கே இருக்கிறார் என்று பார்க்க வேண்டும். கடைசிச் சுற்று மட்டும் பாக்கி. திங்கட்கிழமை பேராசிரியையிடம் முடிவைக் கொடுக்காவிட்டால் படிப்பு இன்னொரு வருடம் இழுத்துக்கொண்டு போகும். அந்த நேரம் பார்த்துத்தான் அவளுக்கு வெளியூரில் ஒரு பயிற்சி வகுப்பு வந்து சேர்ந்தது.

“பார்த்து போன்ல சொன்னா போதும். தொட வேணாம்” என்று கெஞ்சினாள். இவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார்.

சனிக்கிழமை காலையில் ஒரே ஒருமுறை போனார். முகத்தைச் சுளித்துக்கொண்டே துணியின் நுனியை இழுத்துப் பார்த்தார். அதற்குள் டிவியில் ஆட்டம் தொடங்கிவிட, நுனி தட்டின் விளிம்பைத் தாண்டித் தொங்கியதைக் கவனிக்காமல் ஓடிவிட்டார். மரவட்டைகளுக்கு அதைவிட நல்ல ஏணி எங்கே கிடைக்கும்?

போன் வந்தது. “எங்கேங்க இருக்காங்க?”

“ஈரமான இருட்டுலதான்.”

“எல்லாருமா?”

“ஒருத்தர் விடாம.”

அந்தப் பக்கம் அவள் துள்ளிக் குதித்தது காதிலேயே கேட்டது. இவ்வளவு சந்தோஷத்தைச் சும்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே கொடுக்க முடியும் என்றால் எந்தப் புருஷன்தான் கொடுக்காமல் இருப்பான்? அன்று முழுக்க அதே பதிலைக் கொடுத்தார்.

சாயங்காலம் மனசாட்சி லேசாக உறுத்த, எட்டிப் பார்த்தார். தட்டு காலி.

தோட்டத்துக்கு ஓடினார். பூந்தொட்டிகளைப் புரட்டி, கண்ணாடி துடைக்கிற துணியால் மரவட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்தார். தொட்டதும் அவை சுருண்டன. கூடவே இவரும் சுருங்கினார். வீட்டோடு இருக்கும் கொழுந்தியா படியில் உட்கார்ந்து நகத்துக்குச் சாயம் பூசியபடி வேடிக்கை பார்த்தாள்.

“மாமா, ஒண்ணு சொல்லட்டுமா?”

“வாயை மூடிக்கிட்டு இருந்தாலே புண்ணியமா போகும்.”

“சரி” என்று மூடிக்கொண்டாள். இவர் பிடித்ததையெல்லாம் தட்டில் கொட்டி, தொங்கிய துணியை உள்ளே தள்ளினார்.

மறுநாள் காலை மனைவி பையைக்கூட இறக்காமல் மேசைக்குப் போனாள். குனிந்தாள். நிமிர்ந்தாள்.

“இவங்கல்லாம் யாரு?”

“யாருன்னா? நம்ம ஆளுங்கதான்” என்றார் இவர்.

“எது எங்கே போகுதுன்னு தெரியறதுக்காக ஒவ்வொண்ணு முதுகுலயும் சிவப்பா ஒரு பொட்டு வெச்சிருந்தேன். எங்கேங்க பொட்டு?”

“என் நகச்சாயம் பாதி அதுலதான் போச்சு” என்றாள் கொழுந்தியா.

“அடிப்பாவி! நேத்தே சொல்லியிருக்கலாமே!”

“வாயை மூடச் சொன்னது யாரு மாமா?”

இவர் எல்லாவற்றையும் ஒப்பித்தார். மனைவி கத்துவாள் என்று எதிர்பார்த்தார்; கத்தவில்லை.

“ஊர்ல எல்லாருக்கும் கண்ணைச் சோதிச்சுக் கண்ணாடி போடறீங்க. நாலு மாசமா இந்த மேசையில இருக்கு. ஒருநாள்கூட உங்க கண்ணுல படலையா, பொட்டு?”

பொய் சொன்னதற்குத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். இதுதான் வெட்கமாக இருந்தது.

அவள் நேராகக் குளியலறைக்குப் போய் ஈர மிதியடியைத் தூக்கினாள். சிவப்புப் பொட்டுகள் குடும்பத்தோடு அங்கே தூங்கிக்கொண்டிருந்தன. அள்ளிக்கொண்டு வந்து, தட்டைச் சரிசெய்து, புதிதாகத் தொடங்கினாள். கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். கடைப் பையிலிருந்து பூதக்கண்ணாடியும் எடுத்தார்.

“மாமா, ஆட்டம் ஆரம்பிச்சாச்சு” என்று கூவினாள் கொழுந்தியா.

“இங்கேயும்தான்” என்றார்.

மணிக்கொருமுறை இவர் குரல் கொடுத்தார். மனைவி உள் அறையிலிருந்து “உம்” என்பதோடு சரி. ஒவ்வொரு முறையும் தானே வந்து ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் எழுதினாள். இவருக்கு அது முள்ளாகக் குத்தினாலும் எழுந்து போகவில்லை. போகப்போக ஒவ்வொன்றின் நடையும் பிடிபட்டது. சுவரோரமாகவே போகிற ஒன்றுக்குக் ‘கூச்சக்காரன்’ என்று பெயரும் வைத்துவிட்டார்.

மத்தியானம் அவள் குளிக்கப் போயிருந்தாள். திரும்பி வந்தபோது இவர் பதறிப்போய் நின்றார்.

“இங்கே வாயேன்! எல்லாரும் ஈர இருட்டுல இருக்காங்க. இவன் ஒருத்தன் மட்டும் காய்ஞ்ச மணல்ல, பளிச்சுன்னு வெளிச்சத்துல போய் உட்கார்ந்துட்டான். இருட்டு வரைக்கும் போனான், திரும்பினான், கால்மணி நேரமா நகர மாட்டேங்கறான். இதைச் சொன்னா உன் ஆராய்ச்சி கெட்டுடுமோ? லேசாத் தள்ளி விட்டுடலாமான்னு விரல் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா தள்ளலை.”

ஈரத் தலையோடு அவள் கதவருகிலேயே நின்றாள். இந்த முறை தட்டை எட்டிப் பார்க்கவில்லை.

“கால்மணி நேரமா?”

“சத்தியமா.”

அவள் பேனாவை எடுத்து, அவர் சொன்னதை அப்படியே எழுதினாள்.