தொட்டிக்குள்ளே ஒரு சூடு

இரும்புக் கதவு மூடிக் காற்று சீறியதும் தையல்காரி கொட்டாவி விட்டாள். தூக்கமில்லை, காது அடைக்காமல் இருக்கத்தான். எட்டு மீட்டர் தண்ணீருக்கடியில் இருக்கும் அழுத்தம் வரும்வரை அந்தக் காற்றழுத்தத் தொட்டிக்குள் இருக்கும் ஆறு பேரும் வாயைப் பிளந்துகொண்டிருப்பார்கள். பிறகு முகமூடியை மாட்டி ஒரு மணி நேரம் ஆக்சிஜன்.

அவளுக்கு மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் வந்து ஏழு வருஷம். நரம்பின் உறை அரித்துப்போகும் வியாதி. விரல் மரத்து ஊசி நழுவியது, பிறகு கால் போய்ச் சக்கர நாற்காலி வந்தது. "இந்த ஆக்சிஜனால பலன் உண்டுன்னு ஆராய்ச்சியில நிரூபணம் ஆகலம்மா" என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். இங்கே வந்த வாரங்களில் அசதி கொஞ்சம் குறைந்தது போலிருந்தது. மருந்தா மனசா, அவளுக்கே தெரியாது. நோயாளிகளின் குடும்பங்களே சேர்ந்து நடத்தும் மையம் அது. வெளியே வால்வைத் திருப்புவது அவளுடைய தம்பி.

இருபதாவது நிமிஷம் முழங்கையில் சூடு பட்டது.

பக்கத்தில் ரிட்டயரான தபால்காரர் தூங்கி வழிந்துகொண்டிருந்தார். முகமூடி தாடைக்கு இறங்கி ஆக்சிஜன் வீணாகக் கசிந்தது. அவருடைய கோட்டுப் பையில் சிவப்பு விளக்கு மினுக்கியது. கை குளிராமலிருக்க வைத்துக்கொள்ளும் பேட்டரிக் கருவி! பிளாஸ்டிக் பொசுங்கும் வாடை வந்தது.

முதல் நாளே தம்பி சொல்லியிருந்தான்: "உள்ள ஒரு பொறி போதும்க்கா, யாரும் மிஞ்ச மாட்டாங்க."

அவள் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிப் பையைக் காட்டினாள். ஒலிபெருக்கியில் தம்பியின் குரல் நிதானமாக வந்தது. "எல்லாரும் முகமூடியைக் கழட்டுங்க. ஆக்சிஜனை நிறுத்திட்டேன். பயப்பட ஒண்ணுமில்ல."

அப்பா போன செய்தியையும் இதே நிதானத்தோடுதான் சொன்னான்.

"கதவைத் தொறப்பா!" என்று எதிரே இருந்த டீச்சர் கத்தினார்.

"இந்த அழுத்தத்துல தொறக்கவே முடியாது டீச்சர். சட்டுனு இறக்கினா நுரையீரல் கிழிஞ்சிடும். பத்து நிமிஷமாவது ஆகும். அக்கா, அதை எடுத்து மூலையில இருக்கிற தண்ணி பக்கெட்ல போடு."

விரல் சொன்னபடி கேட்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அதை அமுக்கிப் பிடித்து இழுத்தாள். பக்கெட் எட்டவில்லை. டீச்சர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு, அசைகிற ஒற்றைக் காலால் பக்கெட்டைத் தள்ளித் தள்ளிக் கொண்டுவந்தார். தண்ணீருக்குள் போட்டதும் 'சுர்' என்றது. அதற்குள் விழித்துக்கொண்ட தபால்காரர், "விரல் ஐஸாயிடுதும்மா, அதான்..." என்று முகத்தைப் பொத்திக்கொண்டார்.

கதவு திறந்தபோது தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியை ஓரமாகத் தள்ளிப்போய்க் கிசுகிசுத்தான். "உன்னை ஏத்துற அவசரத்துல அவர் பாக்கெட்டைத் தடவிப் பாக்கலக்கா. நான் தடவிப் பாத்தேன், அவர்தான் ஒளிச்சு வச்சிருந்தார்னு ரிப்போர்ட்ல எழுதிடவா?"

"பாக்கலைன்னு எழுது."

"என்னை இந்த இடத்துல விட மாட்டாங்க."

"எழுதலேன்னா நான் சொல்லுவேன்டா."

"நீயா? உனக்காகத்தானே இங்க வந்து நின்னேன்!"

அவள் பதில் சொல்ல வாயெடுத்தபோது அவன் அவளுடைய கையைப் பார்த்துவிட்டான். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்துத் தோல் உரிந்திருந்தது. அவளும் அப்போதுதான் பார்த்தாள். எந்த நேரத்தில் வெந்தது என்றே தெரியவில்லை.

அவன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். பிறகு எழுந்துபோய் உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுத்தான்.

மையத்தை இரண்டு வாரம் மூடினார்கள். மறுபடி பயிற்சி முடிக்கும்வரை தம்பி வால்வைத் தொடக் கூடாது என்றார்கள். நாலு நாள் அவன் அக்காவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஐந்தாம் நாள் கட்டு மாற்ற வந்தான்.

"வலிக்குதா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா?"

"தொறந்ததும் மறுபடி போவியா?"

"போவேன். ஆனா வெளிய யார் நிக்கிறாங்கன்னு கேட்டுட்டுத்தான்."

அவனுக்குச் சுருக்கென்றது. குனிந்து, துணியை இன்னொரு சுற்று சுற்றினான்.