பின்சீட்டுக்குப் போட்ட பாலிஷ்

தையல்காரர் பைக்குக்குப் போட்ட பாலிஷில், அவர் மனைவி பின்சீட்டிலிருந்து வழுக்கி நடுத்தெருவில் உட்கார்ந்துவிட்டாள். அது தெரியாமலே தெருமுனை வரை போனார். "கண்ணாடி மாதிரி மின்னுது பாத்தியா?" என்று இரண்டு தடவை கேட்டார். பதில் இல்லை. பிரமித்துப் போய்விட்டாள் போல என்று மீசையை வேறு தடவிக்கொண்டார்.

அடி ஒன்றும் இல்லை. தெருவே சிரித்ததுதான் அவளுக்கு வலி. அன்றிலிருந்து வேலைக்குப் பஸ்தான். "நாளைக்காவது வண்டியில வர்றியா?" என்று கேட்டால், "பாக்கலாம்" என்பாள். பத்து நாளாக இதே பாக்கலாம். இருபது வருஷமாகக் காதுக்குப் பின்னால் கேட்ட பேச்சு இல்லாமல், சிக்னலில் நிற்கும்போது தையல்காரர் வெறும் பின்சீட்டைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

மனைவியின் தம்பி மெக்கானிக். வந்து சீட்டைத் தொட்டுப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டான்.

"மாமா, அக்காவை சறுக்குமரத்துலயா ஏத்துனீங்க? சீட்டுக்கு யாராவது பாலிஷ் போடுவாங்களா?"

"எல்லாமே பளபளன்னு இருக்கட்டுமேன்னுதான் மாப்ளே..."

"பிரேக் டிஸ்க்குக்கும் போட்டீங்களா?"

தையல்காரர் தன் செருப்பைப் பார்த்தார். "லேசா."

"லேசாவா! பத்து நாள் நீங்க தப்பிச்சதே பெருசு. அக்கா முன்கூட்டியே விழுந்தது நல்லதாப் போச்சு. பிரேக் பிடிக்காம ரெண்டு பேரும் லாரிக்கு அடியில மின்னியிருப்பீங்க."

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு. இன்ஜின் ஆறும்வரை காத்திருந்தார். மண்ணோடு துடைத்தால் டேங்க்கில் கீறல் விழும் என்று மச்சான் சொன்னபடி, முதலில் தண்ணீர் விட்டுத் தூசியைக் கழுவினார். பொத்தான், ஜிப் இல்லாத மெத்தென்ற துணியாகப் பார்த்து வெட்டிக்கொண்டார். சீட்டை சோப்பு நுரையால் மூன்று தடவை தேய்த்து அலசினார். டிஸ்க்கை மச்சான் கொடுத்த கிளீனரால் துடைத்தார். டேங்க்குக்கு மட்டும் பாலிஷ்.

பிறகு மெதுவாக ஓட்டி பிரேக்கைச் சோதித்தார். கச்சிதம். ஆனால் சீட்டை யார் சோதிப்பது? வாங்க ஆள் வராத பேண்ட் ஒன்றின் கால்களைத் தைத்து மூடி, மணல் அடைத்து, பின்னால் உட்கார வைத்தார். கட்டவில்லை. தெருவின் மூன்று வேகத்தடைகளிலும் போய் வந்தார். திடீரென்று பிரேக்கும் போட்டார். தலையில்லாத அந்த ஆசாமி இம்மியும் நகரவில்லை!

"மாமா, ஜெயிச்சிட்டீங்க!" என்று மச்சான் விசிலடித்தான்.

வாசலுக்கு வந்த மனைவி சீட்டை உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தாள்.

"பாக்கலாம்னு மட்டும் சொல்லாதம்மா. வருவியா, மாட்டியா?"

"வர்றேங்க. இப்பவே வர்றேன். முதல்ல இந்த ஆளை இறக்கி விடுங்க."