முன்னறையிலிருந்து நகர்த்திய கேள்வி

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பதில் வராமல் கிடந்த ஒரு கேள்வியிலிருந்து வந்தது. எழுதுகிறவள் பெயர் நூரீன். 'நான்' என்றுதான் எழுதத் தொடங்கினாள்.

நான் ஓர் இணையதளம்

நான் அன்று மதியம்

இரண்டையும் பாதியிலேயே விட்டுவிட்டாள். பேசும்போது அவளுக்கு 'ந'வில் திக்கும். எழுதும்போது திக்காது என்று இதுநாள்வரை நம்பியிருந்தாள். ஆகவே இனி அவள் நூரீன். வேறு யாரோ அவளைப் பற்றிச் சொல்வதாக இருக்கட்டும்.

2

நூரீனுக்குப் பகலில் கூரியர் அலுவலகத்தில் வேலை, மாலையில் பிரெஞ்சு வகுப்பு. வகுப்பின் முதல் நாள் ஒவ்வொருவராக எழுந்து 'ழெ மாப்பெல்' என்று தொடங்கித் தங்கள் பெயரைச் சொல்ல வேண்டியிருந்தது. தன் முறை வந்தபோது அவள் தண்ணீர் குடிக்கப் போனாள். (போனவள் திரும்பவே இல்லை என்று எழுதினால் நன்றாக இருக்கும். உண்மையில் திரும்பி வந்தாள். ஆசிரியை அவளுக்காகவே காத்திருந்தார்.)

அந்த வாரம் தொடங்கியதுதான் 'நிதானம்'. திக்கிப் பேசுகிறவர்கள் தமிழில் எழுதிப் பழகிக்கொள்ள ஓர் இணைய மன்றம். வாட்ஸ்அப் என்றால் குரல் பதிவு அனுப்புவார்கள், திடீரென்று கூப்பிடுவார்கள். இங்கே அந்தப் பயம் இல்லை. ஆள் வருவதற்கு முன்பே தலைப்புக்கு ஒன்றாக அறைகளைக் கட்டி முடித்துவிட்டாள்: பள்ளி, கல்யாணம், பேருந்து, வேலை, வேலைக்குள் நேர்முகத் தேர்வு, வேலைக்குள் தொலைபேசி. எல்லோரும் நுழைகிற இடத்துக்கு முன்னறை என்று பெயர்.

தம்பி ரிஹான் பார்த்துவிட்டு, "பதினேழு ரூம் கட்டியிருக்க, பேசுறது மூணு பேரு. லாட்ஜா நடத்துற, அக்கா?" என்றான்.

உறுப்பினர்கள் நாற்பதுக்கும் மேல். எழுதுகிறவர்கள்தாம் மூவர்: நூரீன், ரெட்டியார்பாளையத்தில் பேட்டரி கடை வைத்திருக்கும் செம்மல், கனகசெட்டிக்குளத்து துர்கா. மூவரும் நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

3

(இந்தப் பகுதி முதலில் கதையின் தொடக்கத்தில் இருந்தது. கட்டுரைபோல இருக்கிறதே என்று இங்கே நகர்த்தினாள். நகர்த்துவது அவள் வழக்கம். இதை நினைவில் வையுங்கள்.)

சின்ன மன்றங்கள் ஏன் உயிர் பிடிப்பதில்லை? வருகிறவர் எட்டிப் பார்க்கிறார். கடைசிப் பதிவு போன மாதத்தது. யாராவது பேச ஆரம்பித்தால் நாமும் பேசலாம் என்று போய்விடுகிறார். அடுத்து வருகிறவரும் அதே அமைதியைத்தான் பார்க்கிறார். பேசத் தயங்குகிறவர்களின் இடம் அமைதியாகத்தானே இருக்கும் என்று நூரீன் ஒருமுறை எழுதினாள். செம்மல் ஒத்துக்கொள்ளவில்லை.

"எங்க மாமா மீன் தொட்டி வச்சிருக்கவங்களுக்கு ஒரு சைட் போட்டாரு. அங்கயும் ஈதான் ஓட்டுனாங்க. அவங்களுக்கு என்னா, திக்குதா?"

சரிதான். பெரிய இடத்தில் பதில் வராத கேள்வி ஆயிரத்தில் ஒன்று. சின்ன இடத்தில் அந்த ஒன்றுதான் அந்த இடமே. இந்த வரியைக் கடைசிப் பகுதிக்குக் கொண்டுபோகலாமா என்று யோசித்தாள். வேண்டாம், இங்கேயே இருக்கட்டும்.

4

துர்கா ஒரு நாள் காலையில் முன்னறையில் எழுதினாள்:

"நாளைக்குக் காலைல எனக்கு இன்டர்வியூ. எல்லாம் சொல்லிடுவேன், என் பேருலதான் அடைச்சிக்குது. சாயங்காலம் யாராச்சும் போன்ல பேசுறீங்களா? என் பேர மட்டும் சொல்லிப் பாக்கணும்."

கீழே கைபேசி எண்.

நூரீன் மதியச் சாப்பாட்டின்போது பார்த்தாள். கூப்பிட்டால் முதலில் தன் பெயரைச் சொல்ல வேண்டும். வேறு யாராவது கூப்பிடுவார்கள். தனக்குச் செய்ய வருவதைச் செய்தாள். கேள்வியை 'நேர்முகத் தேர்வு' அறைக்கு நகர்த்தினாள். 'உரிய அறைக்கு மாற்றப்பட்டது, நன்றி' என்று அதன் அடியில் எழுதினாள். ஒரு வேலையை ஒழுங்காக முடித்த நிம்மதியோடு வகுப்புக்குப் போனாள்.

அந்த அறைக்குள் அதுவரை யாருமே போனதில்லை.

மறுநாள் முற்பகல் தளத்தைத் திறந்தபோது, முன்னறையில் செம்மல் முந்தைய மாலை எழுதியது இருந்தது.

"காலைல துர்கா இங்க ஒண்ணு கேட்டிருந்தாங்களே, எங்க போச்சு? கடைய சாத்திட்டு போன் பண்ணலாம்னு வந்தேன். காணல."

அதே மாலை துர்கா நேர்முகத் தேர்வு அறைக்குத் திரும்பத் திரும்ப வந்து பார்த்திருப்பது நூரீனுக்கு மட்டும் தெரியும். யார் எந்த அறைக்கு வந்து போனார்கள் என்பது தளத்தை நடத்துகிறவருக்குத் தெரியும். அதற்குப் பிறகு துர்கா வரவில்லை.

5

முடிவு, முதல் வரைவு: துர்காவுக்கு வேலை கிடைத்துவிட்டது, அவளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படவில்லை. ரிஹானுக்கு வாசித்துக் காட்டினாள். "அவங்கள பாஸ் பண்ண வச்சிட்டா நீ தப்பிச்சிக்கலாம், அதான?" என்றான். அந்த முடிவை அடித்துவிட்டாள்.

இரண்டாவது: நூரீன் கூப்பிட்டு, ஓர் இடத்திலும் திக்காமல் மன்னிப்புக் கேட்கிறாள். எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது.

மூன்றாவது: துர்கா தன் பெயரைச் சொல்ல முடியாமல் இன்டர்வியூ நாற்காலியில்

இதை முடிக்க அவளுக்குக் கை வரவில்லை. நடந்தது என்னவென்று தெரியாது. தெரிய வேண்டுமென்றால் கேட்க வேண்டும். கேட்க வேண்டுமென்றால் கூப்பிட வேண்டும்.

6

முன்னறையைத் தவிர மற்ற எல்லா அறைகளையும் மூடினாள். கேள்வியை முன்னறைக்கே கொண்டுவந்தாள், கைபேசி எண்ணை மட்டும் எடுத்துவிட்டு. பிறகு அந்த எண்ணுக்குக் கூப்பிட்டாள்.

மணி போனது. "அலோ" என்று ஒரு பெண் குரல்.

நூரீன் 'ந'வில் நின்றாள். வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. வழக்கமாக இந்த இடத்தில்தான் எதிர்ப்பக்கம் 'யாருங்க, கேக்கல' என்று சொல்லி வைத்துவிடுவார்கள். இப்போது மூச்சு மட்டும் கேட்டது. சற்றுப் பொறுத்து அந்தக் குரல் சொன்னது:

"சொ… சொல்லுங்க. நான் வைக்க மாட்டேன்."

அதற்குப் பின் பேசியது இந்தக் கதையில் இல்லை. துர்காவின் பங்கை துர்காதான் எழுத வேண்டும். அவள் எழுதுவாளா என்று நூரீனுக்குத் தெரியாது.

கதையை முன்னறையில், அந்தக் கேள்விக்கு அடியில் போட்டிருக்கிறாள். நீங்கள் இதுவரை வாசித்திருக்கிறீர்கள். நீங்களும் பேசாமல் போய்விடலாம், பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். கீழே பதில் எழுத ஒரு பெட்டி காலியாக இருக்கிறது. நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பக்கமும் யாரும் வைக்க மாட்டார்கள்.